எரிஉலைப் புகையில் டையாக்சின் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பை எரிஉலை வரப்போகிறது என்றாலும், குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது என்றாலும், மருத்துவக் கழிவு உலைக்கு அனுமதி புதுப்பிக்கிறார்கள் என்றாலும், டையாக்சின் என்ற நச்சைப் பற்றிக் கேட்கப்படும் சந்தேகங்கள் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். உமிழ்வுக் காரணிகள் (ஒரு டன்னுக்கு எவ்வளவு டையாக்சின் வெளியேறும் என்ற எண்கள்) வரும் இடங்களில், வேறு பெயர் சொல்லாதவரை, அவை, எளிதில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட டூல்கிட் என்ற கணக்குக் கையேட்டின் 2013 பதிப்பில் உள்ளவை. இந்தியா அந்த உடன்படிக்கையை 2006-ல் ஏற்றது.

டையாக்சின்னா ஒரு பொருளா, பல பொருளா?

பல பொருள். டையாக்சின் வகையில் 75, அதன் உறவான ஃபியூரான் வகையில் 135, ஆக 210 சேர்மங்கள். மூலக்கூறில் குளோரின் எத்தனை இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. 2, 3, 7, 8 என்ற நான்கு இடங்களிலும் குளோரின் உள்ளவை 17. நச்சுக் கணக்கில் இந்த 17 மட்டுமே சேரும்.

பிளாஸ்டிக்கை எரிச்சாத்தானே வரும்? அதைப் பிரிச்சு எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துதா?

குறையலாம், தீராது. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை குளோரினின் பெரிய மூலம் என்பது உண்மை. 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள் குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் விலக்கச் சொன்னதற்கும் அதுதான் காரணம். ஆனால் மீந்த சோற்றில் உள்ள உப்பிலும் குளோரின் இருக்கிறது. கலப்படக் குப்பையில் டையாக்சின் உருவாகத் தேவையான குளோரின் எப்போதும் கைவசம் உண்டு.

அளவைத் தீர்மானிப்பவை மூன்று: அரைகுறையாக எரிந்த கரித்துகள், வினையைத் தூண்டும் செம்பு போன்ற உலோகம், புகை எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது. அதனால்தான் ஒரே குப்பை ஓர் உலையில் சிறிதளவும் இன்னோர் உலையில் ஆயிரம் மடங்கும் டையாக்சின் தருகிறது.

ஆயிரம் டிகிரியில எரிக்கிறாங்களே, எல்லாம் அழிஞ்சிடாதா?

அந்தச் சூட்டில் அழிகிறது. திடக்கழிவு உலையின் இரண்டாம் அறையில் 950 டிகிரி, மருத்துவக் கழிவு உலையில் 1,050 டிகிரி, இரண்டிலும் குறைந்தது 2 விநாடி என்று 2016-ன் விதிகள் கேட்டதும் அதற்காகத்தான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. புகை குளிரும்போது ஏறத்தாழ 450-லிருந்து 200 டிகிரி வரையிலான இடைவெளியில், சாம்பல் துகளின் மேற்பரப்பில் கரியும் குளோரினும் செம்பின் துணையோடு மறுபடி சேர்ந்து டையாக்சின் ஆகின்றன. சுமார் 300 டிகிரியில் இது உச்சம்.

ஆகவே உலையின் வெப்பநிலையைக் கேட்பதோடு நிற்காதீர்கள். புகை எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கப்படுகிறது, தூசி வடிகட்டிக்குள் நுழையும்போது அதன் சூடு என்ன என்று கேளுங்கள். 300 டிகிரியில் இயங்கும் மின்நிலைத் தூசிப்பிடிப்பான் தூசியைப் பிடிக்கும், கூடவே டையாக்சினை உற்பத்தியும் செய்யும். புகையை நீர் தெளித்துச் சட்டென்று 200-க்குக் கீழே இறக்கி, ஆக்டிவேட்டட் கார்பன் என்ற உறிஞ்சும் கரித்தூளைத் தூவி, பை வடிகட்டியில் பிடிப்பதே நம்பத்தகுந்த வரிசை.

அறிக்கையில டி.இ.க்யூ.ன்னு போடுறாங்களே, அது என்ன கணக்கு?

நச்சுச் சமன். 17 சேர்மங்களில் மிகக் கொடியதான 2,3,7,8-டி.சி.டி.டி.க்கு மதிப்பெண் 1. மற்றவற்றுக்கு அதோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரப்படுகிறது. ஒவ்வொன்றின் அளவையும் அதன் மதிப்பெண்ணால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் டி.இ.க்யூ.

மதிப்பெண் பட்டியல் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். எரிஉலைப் புகையில் வழக்கமாகப் பெரும்பங்கு வகிக்கும் 2,3,4,7,8-பென்டாகுளோரோ ஃபியூரானுக்குப் பழைய சர்வதேசப் பட்டியலில் 0.5, உலக சுகாதார நிறுவனத்தின் 2005 பட்டியலில் 0.3. அதே மாதிரி, அதே ஆய்வகம், வேறு பட்டியல் என்றாலே எண் மாறிவிடும். எந்தப் பட்டியல் என்று சொல்லாத டி.இ.க்யூ. எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

புகைபோக்கியில ஒரு மீட்டர் வச்சா உடனே தெரியாதா?

தெரியாது. ஆன்லைன் கருவிகள் தூசி, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றைத்தான் காட்டும். டையாக்சின் ஒரு கன மீட்டரில் நானோகிராமின் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதைப் பிடிக்க 6 முதல் 8 மணி நேரம் புகையை வடிதாள், டையாக்சினை உறிஞ்சும் எக்ஸ்.ஏ.டி.-2 பிசின் வழியாக இழுக்க வேண்டும். இழுக்கும் வேகம் புகைபோக்கியில் புகை போகும் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும். பிறகு உயர்திறன் நிறை நிறமாலைமானியில் அளக்க வேண்டும். அந்த வசதியுள்ள ஆய்வகங்கள் நாட்டில் குறைவு. திருவனந்தபுரத்தில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.-நிஸ்ட் என்ற ஆய்வு நிறுவனம் அவற்றில் ஒன்று.

புகை கறுப்பாக இல்லை என்பதும் சான்றாகாது. ஆனால் மறைமுகச் சாட்சிகள் உண்டு. கார்பன் மோனாக்சைடு அடிக்கடி எகிறுகிறதா, பை வடிகட்டியின் நுழைவுச் சூடு என்ன, கார்பன் தூள் மாதம் எத்தனை கிலோ வாங்கினார்கள் என்ற மூன்று பதிவுகளைப் பார்த்தால் உலையின் நடப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும். கடைசிப் பதிவைப் பலர் கேட்பதே இல்லை. கொள்முதல் ரசீது இல்லாத கார்பன் தூள் புகையில் கலந்திருக்க முடியாது.

சோதனையே செய்யாம எப்படி கணக்குப் போடுறாங்க?

எரிக்கும் அளவை உமிழ்வுக் காரணியால் பெருக்குகிறார்கள். காரணி என்பது ஒரு டன் எரித்தால் எத்தனை மைக்ரோகிராம் (ஒரு மைக்ரோகிராம் ஆயிரம் நானோகிராம்) டி.இ.க்யூ. வெளியேறும் என்பது. டூல்கிட் நகரக் குப்பை உலைகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. காற்றில் கலப்பதற்கான காரணி, கட்டுப்பாடே இல்லாத முதல் வகுப்புக்கு 3,500. எரிதல் கட்டுப்பாட்டில் இருந்தும் புகைச் சுத்திகரிப்பு பெயரளவில் உள்ள இரண்டாம் வகுப்புக்கு 350. நல்ல சுத்திகரிப்புள்ள மூன்றாவதற்கு 30. உயர்தர உலைக்கு 0.5.

நாளைக்கு 1,000 டன், ஆண்டுக்கு 330 நாள் என்று ஓர் உலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,30,000 டன். நான்காம் வகுப்பென்றால் 0.165 கிராம். மூன்றாம் வகுப்பென்றால் 9.9 கிராம். இரண்டாம் வகுப்பென்றால் 115 கிராமுக்கு மேல். குப்பை அதே, இயந்திரம் ஓடும் நாளும் அதே. வகுப்பு எது என்ற ஒரு முடிவு விடையை 700 மடங்கு மாற்றுகிறது. அறிக்கையில் முதலில் தேட வேண்டியது அந்த முடிவுக்கான காரணத்தை.

அப்ப எங்க ஊர் உலை எந்த வகுப்பு? புத்தம் புது உலைன்னா நான்காவதுதானே?

வாங்கிய இயந்திரத்தை வைத்து வகுப்பைச் சொல்ல முடியாது. ஓட்டும் விதத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 0.5 என்ற காரணி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு டன் நகரக் குப்பை எரிந்தால் சுமார் 5,000 கன மீட்டர் புகை. அதில் கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்றால் 500 நானோகிராம், அதாவது 0.5 மைக்ரோகிராம். 2016-ன் விதிகள் வைத்த 0.1 வரம்பை ஆண்டு முழுக்கக் காப்பாற்றும் உலைக்கே நான்காம் வகுப்பு பொருந்தும்.

நம் குப்பையில் ஈரம் அதிகம், எரிசக்தி குறைவு. மழைக்காலத்தில் உலைச் சூடு இறங்கும், துணை எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கும். செலவைக் குறைக்க அதை நிறுத்தினால் எரிதல் கெடும். அப்படிப்பட்ட மாதங்களை மூன்றாம் வகுப்பில் வைத்துக் கணக்கிடுவதே நேர்மை.

சோதனை அறிக்கையில 0.08ன்னு இருக்கு. வரம்பு 0.1. அப்ப பாஸ்தானே?

எந்த ஆக்சிஜன் அளவில் என்று பாருங்கள். வரம்பு 11 சதவீத ஆக்சிஜனுக்குச் சொல்லப்பட்டது. புகையில் வெளிக்காற்று கலந்தால் எல்லாமே நீர்த்துப்போகும். அதைச் சரிசெய்யத்தான் இந்தத் திருத்தம். 21-லிருந்து 11-ஐக் கழித்தால் 10. அதை, 21-லிருந்து அளந்தபோது இருந்த ஆக்சிஜனைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். அளந்தபோது ஆக்சிஜன் 16 சதவீதம் என்றால் 10-ஐ 5-ஆல் வகுத்து 2. அந்த 0.08 இப்போது 0.16. தேறவில்லை.

கூடவே பார்க்க வேண்டியவை: 17 சேர்மங்களின் அளவும் தனித்தனியாகத் தரப்பட்டிருக்கிறதா, மாதிரி எடுத்தது 6 மணி நேரத்துக்குக் குறையாமலா, அன்று உலை எத்தனை டன் எரித்தது, ஆய்வகம் அளவு தெரிந்து சேர்த்த கார்பன்-13 அடையாளப் பொருள் எத்தனை சதவீதம் மீண்டது. மீட்பு 20 சதவீதம் என்று இருந்தால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அதிலிருந்து வருஷத்துக்கு எத்தனை கிராம்னு எப்படிப் போடுறது?

செறிவை, மணிக்கு எத்தனை கன மீட்டர் புகை என்பதால் பெருக்கி, ஆண்டுக்கு ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். நானோகிராமில் வரும், கிராமாக்க நூறு கோடியால் வகுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, திருத்திய செறிவையும் திருத்தாத புகை அளவையும் சேர்த்துப் பெருக்குவது. முந்தைய பதிலில் 0.08 காட்டிய உலையில் 16 சதவீத ஆக்சிஜனில் புகை மணிக்கு 4,000 கன மீட்டர் என்றால், 0.08 பெருக்கல் 4,000, மணிக்கு 320 நானோகிராம். 11 சதவீதத்துக்குத் திருத்தினால் செறிவு 0.16, புகை 2,000. விடை அதே 320. செறிவை மட்டும் திருத்தினால் 640 என்று இரட்டிப்பாகிவிடும். ஈரப்பதத்திலும் வெப்பநிலையிலும் இதே எச்சரிக்கை: இரண்டு எண்ணும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

'கண்டறியப்படவில்லை'ன்னு வந்தா பூஜ்யம்னு எடுத்துக்கலாமா?

எடுத்தால் கீழ் எல்லை கிடைக்கும். கண்டறியும் வரம்பையே அளவாக எடுத்தால் மேல் எல்லை. இரண்டையும் போட்டுப் பாருங்கள். 0.01-க்கும் 0.012-க்கும் இடையே என்றால் கவலையில்லை. 0.01-க்கும் 0.09-க்கும் இடையே என்று விரிந்தால், ஆய்வகத்தின் நுணுக்கம் போதவில்லை அல்லது இழுத்த புகையின் அளவு போதவில்லை. மறுசோதனை கேட்க அதுவே காரணம்.

வருஷத்துக்கு ஒரு நாள் சோதனை போதுமா?

விதிக்குப் போதலாம், மதிப்பீட்டுக்குப் போதாது. பெல்ஜியத்தில் ஓர் உலையில் வழக்கமான 6 மணி நேர அளவீடு 0.25 நானோகிராம் காட்டியது. அதே உலையில் இரண்டு வாரம் தொடர்ந்து மாதிரி எடுத்தபோது சராசரி 8-லிருந்து 13 வரை வந்தது. 1998-ல் வெளியான அந்த ஒப்பீடு, ஒரு நாள் சோதனை 30 முதல் 50 மடங்கு குறைத்துக் காட்டக்கூடும் என்று காட்டியது. எல்லா உலையிலும் இப்படி இருக்கும் என்பதில்லை. இருக்கக்கூடும் என்பதே தொடர் மாதிரி எடுப்பைக் கேட்கப் போதுமானது.

காரணம் எளிது. சோதனை நாளில் உலை சீராக ஓடுகிறது. பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் சூடு குறைந்து, கரி படிகிறது. படிந்த கரி பிறகு பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கில், டையாக்சினை விட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னும் மோசமானது, சுத்திகரிப்பைத் தாண்டிப் புகையை நேரே விடும் அவசர வழி. மேலே கண்ட 1,000 டன் உலையில் அது அரை மணி நேரம் திறந்திருந்தால் சுமார் 20 டன் குப்பையின் புகை. இரண்டாம் வகுப்புக் காரணியில் 0.007 கிராம், உலைச் சூடும் இறங்கியிருந்து முதல் வகுப்பாக நடந்துகொண்டால் 0.07 கிராம். ஆண்டு முழுவதற்குமான 0.165-ல் ஐந்தில் இரண்டு பங்கு அரை மணி நேரத்தில். ஆகவே ஆண்டுக் கணக்கை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்: சீரான ஓட்டம், பற்றவைப்பும் அணைப்பும், அவசர வழி. மூன்றாவதற்கான பதிவேடு இல்லாத உலைக்கு நான்காம் வகுப்பு தரக் கூடாது.

ஆஸ்பத்திரிக் கழிவு உலை சின்னதுதானே, அதுல என்ன பெரிசா வந்துடப்போகுது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மருத்துவக் கழிவுக்கான காரணிகள் வேறு: கட்டுப்பாடற்ற உலை 40,000, கட்டுப்படுத்திய எரிதல், பெயரளவு சுத்திகரிப்பு என்றால் 3,000, நல்ல சுத்திகரிப்பு 525, உயர்தரத் தொடர் ஓட்டம் 1.

மணிக்கு 100 கிலோ, நாளைக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 300 டன். இரண்டாம் வகுப்பில் 0.9 கிராம். நான்காம் வகுப்பில் ஓடும் 1,000 டன் நகர உலையைவிட ஐந்து மடங்கு அதிகம். தினமும் பற்றவைத்து இரவில் அணைக்கும் உலை, முந்தைய பதிலில் சொன்ன மோசமான நேரத்தைத் தினமும் கடக்கிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

குப்பைமேடு தீப்பிடிச்சா எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?

தோராயமாகச் சொல்லலாம். கிடங்குத் தீக்கான காரணி டன்னுக்கு 300. கடினமானது எத்தனை டன் எரிந்தது என்பது. எரிந்த பரப்பை ட்ரோன் அல்லது செயற்கைக்கோள் படத்தில் அளந்து, எரிந்த ஆழம், அடர்த்தி, உண்மையில் எரிந்த பங்கு ஆகியவற்றால் பெருக்க வேண்டும். 20,000 சதுர மீட்டர், அரை மீட்டர் ஆழம், கன மீட்டருக்கு 0.6 டன், அதில் 30 சதவீதம் எரிந்தது என்றால் 1,800 டன், டையாக்சின் 0.54 கிராம். ஆழத்தையும் பங்கையும் மாற்றி மூன்று முறையாவது போட்டு, வீச்சாகச் சொல்லுங்கள். உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும் தீயில் ஆழம்தான் பெரிய சந்தேகம்; 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும் 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் தீ நாள்கணக்கில் அணையாமல் இருந்தது.

'பார்த்தீர்களா, எரிஉலையே மேல்' என்று இந்த எண்ணைக் காட்டுவார்கள். உலை நான்காம் வகுப்பில் ஓடினால்தான் அந்த ஒப்பீடு நிற்கும். குப்பையைப் பிரித்து, மக்குவதை மக்கச் செய்தால் இரண்டு எண்ணுமே குறையும்.

வாசல்ல குப்பை கொளுத்துறது, போகி, இதெல்லாம் கணக்குல வருமா?

வரும். வீட்டுக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்கான காரணி 40. மக்கள்தொகை, எரிக்கும் வீடுகளின் பங்கு, ஆள் ஒருவருக்கான குப்பை, அதில் எரிந்துபோகும் பங்கு ஆகியவற்றைப் பெருக்குங்கள். 50,000 பேர், ஐந்தில் ஒரு பங்கினர் எரிக்கிறார்கள், தலைக்கு 0.4 கிலோ, 60 சதவீதம் எரிகிறது என்றால் ஆண்டுக்கு 876 டன், 0.035 கிராம். தொகை சிறிதுதான். ஆனால் இந்தப் புகை முப்பது மீட்டர் உயரத்தில் போகாமல் மூக்குயரத்தில் போகிறது. அமெரிக்காவின் தேசியக் கணக்கில் நகரக் குப்பை உலைகளின் பங்கு 1987-ல் சுமார் 8,900 கிராமாக இருந்தது, விதிகள் இறுகி 2000-ல் 84 கிராமானது. அப்போது முதலிடத்துக்கு வந்தது, கொல்லையில் பீப்பாயில் குப்பை எரிப்பது: சுமார் 500 கிராம்.

செம்பு எடுக்க மின்கம்பி எரிப்பதைத் தனியாகக் கணக்கிடுங்கள். பி.வி.சி.யும் செம்பும் ஒன்றாக எரிவதால் காரணி 12,000. ஒரு டன் கம்பி எரிப்பது 300 டன் வீட்டுக் குப்பை எரிப்பதற்குச் சமம். வைக்கோல், அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாள் எரிப்புக்கு 0.5 போதும், கரும்புத் தோகைக்கு 4.

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள்ல குப்பையை எரிபொருளா போடுறாங்களே?

சிமெண்ட் சூளைக்கான காரணி எரித்த குப்பையின் டன்னுக்கு அல்ல, கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் சூளைக் கட்டி) டன்னுக்கு. இதைக் குழப்பினால் கணக்கு முழுதும் வீண். தூசிப்பிடிப்பான் 200 டிகிரிக்குக் கீழே இருக்கும் நவீன சூளைக்கு 0.05, 300-க்கு மேல் இருக்கும் பழைய ஈரமுறைச் சூளைக்கு 5. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் கிளிங்கருக்கு 0.05 கிராம் அல்லது 5 கிராம். குப்பையை எந்த முனையில் ஊட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள்: சூடு முழுமையாக உள்ள முனையில் போட்டால் சிக்கல் குறைவு, மூலப்பொருளோடு கலந்து குளிர்ந்த முனையில் போட்டால் எரியாமலே புகையோடு போய்விடும்.

அமெரிக்க வரம்பு 13 நானோகிராமாம். நம்ம 0.1 அதைவிட 130 மடங்கு கறாரா?

இல்லை. அமெரிக்காவில் புதிய பெரிய குப்பை உலைகளுக்கு வைக்கப்பட்ட 13 என்பது டி.இ.க்யூ. அல்ல, நான்கு முதல் எட்டு குளோரின் வரையுள்ள எல்லாச் சேர்மங்களின் மொத்த எடை, அதுவும் 7 சதவீத ஆக்சிஜனில். எரிஉலைப் புகையில் மொத்த எடை டி.இ.க்யூ.வைவிடப் பல பத்து மடங்கு பெரியது. இரண்டு வரம்புகளும் ஏறத்தாழ ஒரே தரத்தில்தான் நிற்கின்றன. அமெரிக்க உமிழ்வுக் காரணித் தொகுப்பான ஏ.பி.-42-லிருந்து எண் எடுப்பவர்களும் மொத்த எடையா, டி.இ.க்யூ.வா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

புகையில குறைச்சுட்டாங்கன்னா அந்த டையாக்சின் எங்க போகுது?

பெரும்பகுதி சாம்பலுக்கு. நான்காம் வகுப்பு உலையில் டன்னுக்குக் காற்றில் 0.5 என்றால், வடிகட்டிச் சாம்பலில் 15, அடிச்சாம்பலில் 1.5. அந்த 3,30,000 டன் உலை காற்றில் 0.165 கிராம் விடும்போது சாம்பலில் சுமார் 5.4 கிராம் சேர்க்கிறது. கார்பன் தூள் டையாக்சினைப் பிடித்து வைக்கிறதே தவிர அழிப்பதில்லை. வடிகட்டிச் சாம்பலை மூடிய லாரியில் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பாமல் செங்கலுக்கோ சாலை நிரப்பலுக்கோ கொடுத்தால், புகைக்காகச் செலவழித்ததெல்லாம் வீண். காற்றுக் கணக்கை மட்டும் காட்டும் அறிக்கையை முழுமையானதாக ஏற்காதீர்கள்.

ஒரே உலைக்கு ரெண்டு அறிக்கை, ரெண்டு எண். எதை நம்புறது?

முதலில் அலகு: நானோவா, பிகோவா, மைக்ரோவா. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தின் பின்னால் பெரும்பாலும் இதுதான். அடுத்து மதிப்பெண் பட்டியல், ஆக்சிஜன் திருத்தம், வகுப்பு, ஓடிய மணி நேரம். இவை ஐந்தையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால் அது இந்தத் துறையில் சகஜம்; இரண்டையும் வீச்சாக எழுதலாம். '0.16482 கிராம்' என்று ஐந்து தசமம் வரை எழுதும் அறிக்கை, காரணியே பத்து மடங்கு தவறலாம் என்பதை மறைக்கிறது.

இத்தனை கிராம்னா எங்க உடம்புக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க.

கிராம் கணக்கிலிருந்து நேரே சொல்ல முடியாது. காற்றில் பரவும் மாதிரிக் கணக்கு, மண்ணில் படியும் அளவு, அங்கிருந்து தீவனம், கால்நடை வழியாக உணவு என்று மூன்று படி தாண்ட வேண்டும். மனித உடலுக்குள் போவதில் மிகப் பெரும்பங்கு, 90 சதவீதத்துக்கு மேல், உணவு வழியே: பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் கொழுப்பில். மூச்சு வழி சிறு பங்கே. இந்தியாவின் 2009 காற்றுத் தரப் பட்டியலின் 12 மாசுகளில் டையாக்சின் இல்லை. ஒப்பிட ஓர் எண் வேண்டுமென்றால் ஜப்பானின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 0.6 பிகோகிராம்.

உலையைச் சுற்றி உண்மை நிலை அறிய, மண்ணைக் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழிகளின் முட்டைகளைச் சோதிப்பது நல்ல வழி. காற்று வீசும் திசையில் மூன்று வீடு, எதிர்த்திசையில் தொலைவாக மூன்று வீடு. ஒவ்வொன்றிலும் ஆறு முட்டையைச் சேர்த்து ஒரு மாதிரி. உலை தொடங்கும் முன்பே ஒருமுறை எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். தொடங்கிய பிறகு எடுத்தால், பழைய குப்பைத் தீயில் படிந்தது எது, புதிய உலையில் வந்தது எது என்று பிரிப்பது மிகக் கடினம்.